காலியாய்த் திரும்பாத தூக்குவாளி

அரியலூர்
4.8.2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அறிவரசன் எழுதுவது. நானும் வெற்றிச்செல்வியும் இங்கே நலம். நீயும் மாமாவும் சத்யப்பிரியாவும் அங்கே நலம்தானே?

தூக்குவாளியைத் திறந்ததும் சர்க்கரையோ மிக்சரோ இல்லாமல் காகிதம் கிடப்பதைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்படாதே, நல்ல சேதிதான். நல்ல சேதி என்று நானாகச் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் சிமென்ட் ஃபேக்டரியில் மெடிக்கல் நடந்தது. எடை மிஷினில் ஏறி நின்றேன். 117 கிலோ 400 கிராம். உயரத்தில் ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பெல்ட் நூறு கிலோ வரைதான் தாங்கும் என்று சேஃப்டி ஆபீசர் மேலே ஏறுவதற்கான என் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். பதினாறு வருடமாகச் சூளைக் கோபுரத்தின் உச்சி வரை ஏறி ரிப்பேர் பார்த்த ஃபிட்டர், இப்போது கீழே ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிறேன். "அண்ணே, நீங்க ஏறுனா கோபுரம் எறங்கிரும்" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வருவதில்லை. ஜனவரி கடைசியில் மறுபடி மெடிக்கல். அதற்குள் நூறுக்குக் கீழே வந்தால் மேலே ஏறலாம். வராவிட்டால் ஸ்டோர்தான் நிரந்தரம்.

வெற்றி என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டயட்டீஷியன் கமலவேணி மேடம் என்று ஒருவர். எதை, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் அவர் வேலை. பட்டினி போடுவார் என்று பயந்து போகிற வழியிலேயே நாலு பூரியை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனேன். அவர் பட்டினி போடவில்லை. தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ மீனோ முட்டையோ. தினம் முக்கால் மணி நேரம் நடை. அப்புறம் ஒரு நோட்டு. "வாயில போறதெல்லாம் நோட்டுல போவணும். ஒரு மிட்டாயா இருந்தாலும் எழுதுங்க" என்றார்.

வீட்டில் சர்க்கரை, மிக்சர் எதுவும் வாங்கி வைக்க வேண்டாம் என்றதும்தான் உன் ஞாபகம் வந்தது. "மேடம், ஞாயித்துக்கெழம தவறாம எங்கக்கா அரும்பாவூர்லேருந்து பஸ்ல சாப்பாடு குடுத்து வுடும். அந்தப் பாத்திரத்த வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாதுங்க. எங்க வூட்டு வழக்கம் அப்புடி" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு லெட்டர் எழுதிப் போடுங்க. அப்பவும் அது வெறும் பாத்திரம் இல்லதானே?" என்றார்.

அதுதான் இது. போனில் என்றால் நாலு பொய் சொல்லிவிடுவேன். காகிதத்தில் பொய் எழுத எனக்குக் கை வராது.

அக்கா, கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் குறைத்து அனுப்பு.

கண்டக்டர் அரியமுத்துவிடம் பத்திரமாகக் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி,
அறிவரசன்


அரும்பாவூர்
11.8.2024

என் தம்பி அறிவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் வெற்றியும் சுகமாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் கையெழுத்துப் போட மட்டும்தான் பேனா பிடித்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் உன் மேடத்திடம் காட்டிச் சிரிக்காதே.

முதலில் அவரிடம் ஒன்று சொல். என் கைச்சோறு தின்று இதுவரை ஒருத்தருக்கும் கெடுதல் வந்தது கிடையாது. "கொஞ்சம் குறைத்து அனுப்பு" என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? மூன்று நாள் எனக்கு ஆறவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்காது. உனக்கு நாலு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மா நடவுக்குப் போயிருந்தது. நீ ரெண்டாவது தடவை சோறு கேட்டாய். சட்டியில் இல்லை. தண்ணீரைக் குடிக்க வைத்துத் தூங்கப் போட்டேன். நீ அழவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி வந்து அரிசிப் பானை என் கைக்கு வந்த நாளிலிருந்து, என் தம்பி தட்டு காலியாக இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன். இப்போது ஒரு மிஷின் வந்து நூற்றுப் பதினேழு என்று சொன்னதும் நான் செய்ததெல்லாம் தப்பாகிவிட்டதா?

சரி, கோபம் முடிந்தது. ஃபேக்டரி விழாவுக்குக் கூட்டிப்போய், "அதோ அந்த உச்சியிலதாங்க்கா என் வேலை" என்று நீ காட்டியபோது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவள் நான். ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ மறுபடி ஏற வேண்டும்.

அதற்காக மதுரகாளியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். சிறுவாச்சூரில் கோயில் திறக்கும் திங்கள், வெள்ளி இரண்டு நாளும் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். நீ கோபுரம் ஏறுகிற வரைக்கும். நீ குறைத்துத் தின்னும்போது நான் மட்டும் எப்படித் தின்பது?

இந்தத் தடவை கறிக்குழம்பு, கோலா உருண்டை, நெய் விட்ட பருப்பு உருண்டை பன்னிரண்டு. குறைத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். போன வாரம் பதினைந்து.

வெற்றியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா மலர்க்கொடி


அரியலூர்
1.9.2024

அன்பான அக்காவுக்கு,

வணக்கம். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மூவர் சுகத்துக்கும் எழுது. மூன்று வாரம் எழுதாமல் எலுமிச்சம்பழம் போட்டு அனுப்பிவிட்டேன். எழுத வெட்கமாக இருந்தது.

நாலு வாரத்தில் அறுநூறு கிராம்தான் இறங்கியிருக்கிறேன். மேடம் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். "அறிவரசன், நீங்க எழுதிருக்கறதப் பாத்தா இந்நேரம் மூணு கிலோ எறங்கிருக்கணும். ஞாயித்துக்கெழம பக்கம் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு? அன்னைக்கு வெரதங்களா?" என்றார். ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பேன். வாய் வரவில்லை.

உண்மை இதுதான் அக்கா. ஞாயிறு அன்று நீ அனுப்பியதை முழுசாகச் சாப்பிட்டேன். நோட்டில் எழுதவில்லை. 'கோலா உருண்டை எட்டு, அக்கா அனுப்பியது' என்று எழுதப் போனால், போலீஸ் ஸ்டேஷனில் உன் பேரில் புகார் கொடுக்கிற மாதிரி இருந்தது. வெற்றி எழுதச் சொல்லி எவ்வளவோ திட்டினாள். என்னால் முடியவில்லை.

மேடத்திடம் இதைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "இது உங்க அக்கா மேல குத்தம் சொல்ற நோட்டு இல்ல. மறைச்சு வச்சா எனக்கு வைத்தியம் பாக்கத் தெரியாது. அவ்வளவுதான்" என்றார். அப்புறம், "அனுப்ப வேணாம்னு அக்காகிட்ட சொல்லாதீங்க. என்ன அனுப்பணும்னு சொல்லுங்க. அவ்வளவு கைப்பக்குவம் உள்ளவங்க நம்ம பக்கம் வந்துட்டா பாதி வேல முடிஞ்சுது" என்றார்.

முருங்கைக்கீரை, அவரைக்காய், கொள்ளு ரசம், குழம்பு மீன் எல்லாம் தாராளமாக அனுப்பலாமாம். எண்ணெயை மட்டும் கரண்டியில் அளந்து ஊற்ற வேண்டுமாம். அனுப்புவாயா? நீ மாட்டேன் என்றால் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்படிக்கு,
அறிவு


அரும்பாவூர்
8.9.2024

அறிவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே சுகம். உன் கடிதத்தை மாமா சத்தமாகப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன். என் பேரை எழுத மனசு வராமல் நோட்டைக் காலியாக விட்டாயா? கிறுக்குப் பயலே. எட்டு கோலா உருண்டைக்கு என்னை ஜெயிலிலா போட்டுவிடுவார்கள்?

கீரை, அவரைக்காய், கொள்ளு ரசம் அனுப்பியிருக்கிறேன். எண்ணெயைக் கரண்டியில் அளந்தேன். இருபத்தாறு வருஷ சமையலில் முதல் தடவை. மாமா ஒரு வாய் தின்றுவிட்டு, "யாரு ஆஸ்பத்திரில இருக்கா?" என்றார். உனக்குப் பிடிக்கும்படிதான் பூண்டு தட்டிப் போட்டிருக்கிறேன். இதை நோட்டில் எழுது. என் பேரையும் சேர்த்தே எழுது.

இங்கே ஒரு வேடிக்கை. நீ இளைப்பதற்குள் நான் இளைத்துவிட்டேன். சத்யா என் ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். பாத்திரம் துலக்கும்போது வளையல் தானாகக் கழன்று விழுகிறது. பக்கத்து வீட்டு ஆண்டாயி, "ஒன் வெரதம் பலிச்சிருச்சுடி" என்கிறாள். தாகம்தான் தாங்கவில்லை. ஒரு குடத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆவணி வெயில் அப்படிக் காய்கிறது.

நட. மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு நட.

அக்கா


அரியலூர்
13.10.2024

அன்புள்ள அக்கா,

இங்கே சந்தோஷமும் சுகமும். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஐந்து வாரமாக எழுதவில்லை. சூளையை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடந்தது, ஸ்டோரில் மூச்சுவிட நேரமில்லை.

கேட்டுக்கொள். 110 கிலோ 800 கிராம்! பேன்ட் பெல்ட்டில் வெற்றி புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறாள். காலையில் செந்துறை ரோட்டில் நடந்து போனால் டீக்கடைக்காரர், "சார், தெனம் எங்க போறீங்க, வண்டி ரிப்பேரா?" என்கிறார். மேடம் உன் அவரைக்காய்ப் பொரியலுக்கு நோட்டில் ஒரு டிக் போட்டார். நான் பள்ளிக்கூடத்தில்கூட அப்படி ஒரு டிக் வாங்கியதில்லை.

எனக்குப் பொறாமை என்னவென்றால், நான் வேர்த்து விறுவிறுத்து ஒவ்வொரு கிலோவாக இறங்குகிறேன், நீ அடுப்படியில் நின்றுகொண்டே இறங்குகிறாய். நெல் அரைக்கப் போகும்போது மில் தராசில் ஏறி எவ்வளவு என்று எழுது. யார் ஜெயிக்கிறோம் பார்க்கலாம்.

மாமாவுக்கு வணக்கம் சொல்.

தம்பி அறிவரசன்


அரும்பாவூர்
20.10.2024

தம்பிக்கு,

நலம். உன் நலம் கேட்டு எழுதுகிறேன்.

நான்தான் ஜெயித்தேன். மில் தராசில் ஐம்பத்தெட்டு. போன வருஷம் இதே தராசில் எழுபத்தொன்று. பதின்மூன்று கிலோ! நோட்டு இல்லை, மேடம் இல்லை, ரோட்டில் நடக்கவும் இல்லை. அம்மன் சக்தியைப் பார்த்தாயா?

செருப்புக் கடித்துக் கால் கட்டைவிரலில் ஒரு புண். மூன்று வாரமாக ஆறமாட்டேன் என்கிறது. மஞ்சள் அரைத்துப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் வரி மேலும் கீழும் போயிருந்தால் சத்யாவைத் திட்டு. அடுப்படியில் புது பல்பு போட்டாள், அதிலிருந்து எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிகிறது.

கொள்ளுத் துவையல் அடியில் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அரியலூர்
27.10.2024

அக்கா,

நாங்கள் நலம். உன் நலம்தான் எனக்கு இப்போது தெரிய வேண்டும்.

நேற்று எடை பார்க்கப் போனபோது பெருமையடிக்க உன் கடிதத்தையும் கொண்டுபோனேன். "எங்கக்கா என்னவிட ரெண்டு மடங்கு எறங்கிருக்குங்க மேடம், எந்த நோட்டும் இல்லாம" என்று நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கியவர் பாதியில் சிரிப்பை நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். போன கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய் என்று கேட்டார். தாகத்தைச் சொன்னேன்.

"அக்காவுக்கு என்ன வயசு? சர்க்கரை பாத்துருக்காங்களா?"

"நாப்பத்தொம்பது. அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, அது வேண்டுதல்."

"வாரத்துல ரெண்டு நாள் ஒரு வேளை சாப்புட்டா பதிமூணு கிலோ எறங்காது. நீங்க ஏழு எறங்க எவ்வளவு பாடுபட்டீங்க?" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டு உள்ளே இருக்கிறது. 'நாளையே ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள். மஞ்சள் வேண்டாம். இனி எந்த வேளையும் பட்டினி இருக்க வேண்டாம்.' நானும் போன் செய்கிறேன். நாளை காலை மாமாவைக் கூட்டிக்கொண்டு போ. தீபாவளி வேலையெல்லாம் கிடக்கட்டும்.

உனக்கு ஒன்று என்றால் என்னால் தாங்க முடியாது. இதை நேரில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

அறிவு


அரியலூர்
10.11.2024

அக்கா,

நலமா என்று கேட்கமாட்டேன். நீ நலம் என்றுதான் சொல்வாய்.

போனில், "பாத்துட்டேன்டா, ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றாய். நம்பினேன். தீபாவளிக்குக் கூப்பிட்டபோது மாமாவும், "நல்லாத்தான் இருக்கா" என்றார். அதையும் நம்பினேன். ஆனால் இரண்டு ஞாயிறாகத் தூக்குவாளி வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அரியமுத்து ஜன்னலிலிருந்தே கையை விரித்தார். "அக்கா இன்னைக்கும் வரலப்பா. கடைசியா வந்தப்பவே காலத் தாங்கித் தாங்கி நடந்துச்சு" என்றார்.

புயல் அடித்தபோதுகூட நிற்காத தூக்குவாளி அது. ஒன்றுமில்லை என்றால் அது ஏன் நிற்க வேண்டும்?

பாத்திரம் உன்னிடம் இருப்பதால் வெறும் கடிதமாகக் கொடுத்து அனுப்புகிறேன். புதன்கிழமை லீவு போட்டுவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். சமைக்காதே. புடவை மாற்றிக்கொண்டு தயாராக இரு.

அறிவரசன்


அரும்பாவூர்
24.11.2024

அன்புத் தம்பிக்கு,

அக்கா சொல்லச் சொல்ல சத்யா எழுதுகிறாள். வரி நேராக இருப்பதைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். விரல் தப்பித்தது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் எடுத்திருப்பார்களாம். சர்க்கரை நானூற்று இருபத்தேழு என்று நர்ஸ் சொன்னபோது நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது என் கண்ணிலேயே நிற்கிறது.

பத்து நாள் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழே படுத்துக் கிடந்தாய். நடையும் இல்லை, நோட்டும் இல்லை. வாசல் கடைப் பரோட்டாவைத் தின்றாய். ஏறிய எடை என்னால் ஏறியது. அதற்கு நான்தான் உன் மேடத்திடம் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, உன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

எனக்குத் தெரியும்டா. இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். ஊரில் மருத்துவ முகாம் போட்டபோது விரலில் குத்திப் பார்த்தார்கள். இருநூற்று எண்பது. மாத்திரை கொடுத்தார்கள். அட்டையைப் பிரிக்காமல் உளுந்து டப்பாவின் அடியில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? என் எதிரில் யாரும் இனிப்புத் தின்னமாட்டார்கள். விசேஷ வீடுகளில் பாயசம் கிண்டக் கூப்பிடமாட்டார்கள். நீ தூக்குவாளியைத் திறக்கும்போது, பாவம் அக்கா என்று நினைப்பாய். எனக்குச் சமைத்துப் போடுவதைத் தவிர வேறு என்ன தெரியும்?

இன்னொன்று. உன் முதல் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு ரவிக்கை தளர்ந்துவிட்டது. ஏன் இளைத்தாய் என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். விரதம் என்று சொன்னால் கேள்வி நின்றுவிடும் அல்லவா? உனக்காக வேண்டிக்கொண்டது நிஜம். ஆனால் அந்த வேண்டுதலுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதும் நிஜம். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன்னிடம் இப்போதுதான் கேட்கிறேன்.

(மாமா, இந்த இடத்தில் அம்மா அழுதுவிட்டாள். உளுந்து டப்பாவைக் கொட்டி அட்டையை எடுத்தது நான்தான். எல்லா மாத்திரையும் அப்படியே இருந்தது. — சத்யா)

தூக்குவாளியில் ஒன்றும் இல்லை. கால் ஊன்றி நிற்கக் கூடாது என்றிருக்கிறார்கள். எலுமிச்சம்பழம் போட்டிருக்கிறேன். கோபம் இருந்தால் கோபமாகவே எழுது.

அக்கா மலர்க்கொடி


அரியலூர்
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் காலும் கண்ணும் எப்படி இருக்கின்றன என்று சத்யாவை எழுதச் சொல்.

கோபம் இருந்தது. மூன்று வாரம் இருந்தது. நானூற்று இருபத்தேழு என்று கேட்டபோது வராத கோபம், உளுந்து டப்பா என்று படித்தபோது வந்தது. நீ செத்துப் போயிருந்தால் உன் உளுந்து வடையை நினைத்து ஊரே அழுதிருக்கும், அந்த டப்பாவுக்குள்தான் மாத்திரை இருந்தது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் நேற்று மேடத்திடம் போனேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, விஷயத்தை மட்டும் சொன்னேன். "நீங்க ஞாயித்துக்கெழமைய மறைச்சீங்க. அவங்க மாத்திரைய மறைச்சாங்க. ஒரே வூட்டுப் பிள்ளைங்கதானே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் அதோடு போய்விட்டது. மன்னிப்பெல்லாம் கேட்காதே அக்கா. நீ மறைத்ததும் என்னால்தானே, நான் மறைத்ததும் உன்னால்தானே.

நீ எனக்கு எடையைக் குறைக்கச் சமைத்தாய். இப்போது உன் எடை ஏற வேண்டுமாம், ஆனால் சர்க்கரை ஏறக் கூடாதாம். அதனால் என்ன செய்திருக்கிறேன் என்று தூக்குவாளியைப் பார். கேழ்வரகு அடை, முளைகட்டிய பச்சைப்பயறு, அவரைக்காய்ப் பொரியல், குழம்பு மீன். எல்லாம் நான் செய்தது. வெற்றி பக்கத்தில் நின்றாள், கை வைக்கவில்லை. உப்புக் கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள். இனி ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பக்கத்திலிருந்துதான் சாப்பாடு வரும்.

கூடவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மேடம் கொடுத்தது. சாப்பாட்டையும் மாத்திரையையும் அதில் எழுது. ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விடாதே.

என் எடை இப்போது 106 கிலோ 300. பரோட்டா இறங்கிவிட்டது.

உன் அறிவு


அரியலூர்
16.2.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். இரண்டு மாதமாக நீ எழுதவில்லை. நான் கேட்டால், "கண்ணு தெளியட்டும்" என்று போனை வைத்துவிடுகிறாய். வாரா வாரம் எலுமிச்சம்பழம் மட்டும் வருகிறது. பழிக்குப் பழியா? ஊறுகாய் போட்டுப் போட்டு வெற்றி அலுத்துவிட்டாள்.

ஜனவரி இருபத்தேழாம் தேதி மெடிக்கலில் 101 கிலோ 200. சேஃப்டி ஆபீசர் உதட்டைப் பிதுக்கினார். அன்றைக்கு உனக்குப் போன் செய்யவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டோரில் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் பத்து நாள் இல்லாவிட்டால் தாண்டியிருப்பாய் என்று ஒருவன் சொன்னான். அந்தப் பத்து நாளை நூறு தடவை வேண்டுமானாலும் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மேடம்தான் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். ஆறு மாதமாக வாரா வாரம் எவ்வளவு இறங்கியிருக்கிறேன் என்று எழுதி, இரண்டு வாரம் தவணை கேட்டிருந்தார். கொடுத்தார்கள். பத்தாம் தேதி மறுபடி ஏறினேன். 99 கிலோ 700.

இன்று காலை கோபுரம் ஏறினேன். பெல்ட்டை மாட்டி, கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு உச்சி வரைக்கும் போனேன். மூச்சு வாங்கவில்லை. மேலே நின்றதும் பெரம்பலூர் ரோட்டைத்தான் முதலில் பார்த்தேன். பதினொரு மணிக்கு அரியமுத்துவின் வண்டி தீப்பெட்டி அளவில் வந்துகொண்டிருந்தது. அதற்குள் நீ திருப்பி அனுப்பிய தூக்குவாளி இருக்கிறது என்று மேலே நின்ற ஏழு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

சாப்பாடு வழக்கம் போல. இந்தத் தடவையாவது பழம் போடாதே.

தம்பி அறிவரசன்


அரும்பாவூர்
23.2.2025

என் தம்பி அறிவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நிஜமாகவே நலம். எழுத்தைப் பார்த்தாயா? கோணல்தான், ஆனால் என் கை. கண் தெளிந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல், அடுப்படியில், அதே பல்புக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ ஏறிவிட்டாய் என்று படித்ததும் ஆண்டாயி வீட்டுக்கு ஓடினேன். ஓடக் கூடாது என்று சத்யா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வெள்ளிக்கிழமை மதியம் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். தட்டில் பாதி காய். அறுபத்தொன்றரைக்கு வந்துவிட்டேன். மேடத்தைப் பார்க்கப் போனபோது, நீ குறைந்ததற்குச் சந்தோஷப்பட்டவர் நான் ஏறியதற்கும் சந்தோஷப்பட்டார். இந்த அம்மாவை எதில்தான் திருப்திப்படுத்துவது என்று எனக்குப் புரியவில்லை.

உன் சமையலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பாய். முதல் ஞாயிறு அந்தத் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்காக ஒருத்தர் சமைத்து, மூடி போட்டு, பஸ் ஏற்றி அனுப்பியது இந்த ஐம்பது வயதில் அதுதான் முதல் தடவை. அடை கல் மாதிரி இருந்தது. ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

பழம் போடவில்லை. உனக்கும் சர்க்கரை ஆகாது, எனக்கும் ஆகாது. வெறும் பாத்திரமும் அனுப்பக் கூடாது. என்ன போடுவது என்று வீடு முழுக்கத் தேடினேன். கடைசியில் உளுந்து டப்பாவுக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். மாத்திரை அட்டை, மொத்தம் பதினெட்டு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஒவ்வொன்றாகப் பிரித்து விரலை விட்டுப் பார்த்துக்கொள். ஒரு குழியிலும் மாத்திரை இல்லை.

பார்த்ததும் தூக்கிப் போட்டுவிடு. தூக்குவாளியை மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அனுப்பு. அடைக்கு மாவை இன்னும் கொஞ்சம் தளரப் பிசை.

உன் அக்கா,
மலர்க்கொடி